கலசமும் படிக்கட்டும்

2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் களத்திலிருந்து விலகினார். கமலா ஹாரிஸ்தான் இனி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்பது ஓரிரு நாளில் தெளிவாகிவிட்டது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழித் தாத்தா பி. வி. கோபாலனின் பூர்வீக ஊர். அங்கே பேனர் கட்டினார்கள், தர்மசாஸ்தா கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். சரியாக எட்டு நாள் கழித்து, ஜூலை 29 அன்று, காஞ்சிபுரம் மாநகராட்சியில் மேயர் மகாலட்சுமி யுவராஜ் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்டப்பட்டது. உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் தோற்றது. மேயர் பதவியில் தொடர்ந்தார். அந்தப் பூசலின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. முதல் செய்தியைத் தமிழ்நாடே பேசியது, இரண்டாவது மாவட்டச் செய்தியாக வந்து போனது. ஆனால், ஒரு பெண் நாட்டின் உச்சப் பதவிக்கு எப்படி வருகிறாள் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர் காஞ்சிபுரத்துச் செய்தியைத்தான் முதலில் கையிலெடுக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1960இலேயே இலங்கையில் சிரிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். 1966இல் இந்திரா காந்தி வந்தார். தமிழ்நாட்டை ஜெயலலிதா பல முறை ஆண்டார். ராஷ்டிரபதி பவனில் பிரதிபா பாட்டீல், அவருக்குப் பின் திரௌபதி முர்மு என்று இரண்டு பெண்கள் அமர்ந்துவிட்டார்கள். இத்தனை இருக்க, சுதந்திரதேவிக்குச் சிலை வைத்த நாடு இன்னும் ஒரு பெண்ணை அதிபராக்கவில்லையே என்று வியக்கிறோம். வியப்பில் தவறில்லை, கணக்கில்தான் தவறு. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பெண்கள் அங்கே ஆளுநர்களாக இருந்திருக்கிறார்கள். அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வருக்கு நிகரான, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலோ 2021இல் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள், அதாவது நூற்றுக்கு ஐந்து. அதே தேர்தலின் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே பல லட்சம் அதிகம். அவர்களிடம் படிக்கட்டு இருக்கிறது, கலசம் இல்லை. நம்மிடம் கலசம் இருக்கிறது, படிக்கட்டு இல்லை. இரண்டில் எது ஒரு சமூகத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறது என்றால், படிக்கட்டுதான் என்பது என் முடிவு.

இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே இரண்டு தேர்தல்களை நமக்குத் தந்திருக்கிறது. 1994 நவம்பரில் இலங்கை அதிபர் தேர்தலின் இரண்டு முதன்மை வேட்பாளர்களும் பெண்கள். சந்திரிகா குமாரதுங்க ஒரு பக்கம். அவருடைய தந்தையும் தாயும் பிரதமர்களாக இருந்தவர்கள், கணவர் விஜய குமாரதுங்க 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். எதிர்ப்பக்கத்தில் ஸ்ரீமா திசாநாயக்க. அந்தத் தரப்பின் வேட்பாளராக இருந்த அவர் கணவர் காமினி திசாநாயக்க தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு குண்டுவெடிப்பில் இறந்ததால் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர். இரண்டு விதவைகள் ஒரு நாட்டின் உச்சப் பதவிக்குப் போட்டியிட்டார்கள். சந்திரிகா வென்றார், தாயைப் பிரதமராக்கினார். அதிபர் மகள், பிரதமர் தாய். பெண் அரசியலுக்கு இதைவிடப் பொற்காலம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு அடுத்த கால் நூற்றாண்டில் 225 பேர் கொண்ட இலங்கை நாடாளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை பதினைந்தைக்கூட எட்டவில்லை. 2024 தேர்தலில்தான் அது இருபதைத் தாண்டியது. அதற்கு முன் 2018 உள்ளாட்சித் தேர்தலில் 25 விழுக்காடு ஒதுக்கீடு வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முப்பது ஆண்டு கழித்து, 2024 ஜூனில், மெக்சிகோவிலும் இரண்டு முதன்மை வேட்பாளர்களும் பெண்களே: கிளாடியா ஷெயின்பாம், சோச்சில் கால்வெஸ். ஷெயின்பாம் அறிவியலாளர், மெக்சிகோ நகரின் ஒரு பகுதிக்குத் தலைவராக இருந்து, பின்னர் முழு நகரத்துக்கும் தலைவரானவர். கால்வெஸும் நகரின் ஒரு பகுதியை நிர்வகித்துவிட்டு செனட்டுக்குப் போனவர். யாருடைய சிதையிலிருந்தும் இவர்கள் எழுந்து வரவில்லை. அந்த நாடு 1990களிலிருந்தே கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு ஒதுக்கீட்டைக் கொண்டுவந்து, படிப்படியாக உயர்த்தி, 2014இல் சரிபாதி என்பதை அரசியல் சட்டத்திலேயே எழுதியது. 2021இல் கீழவையில் பாதிப்பேர் பெண்கள். ஷெயின்பாமுக்கும் முந்தைய அதிபரின் ஆசி இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆசி போய்ச் சேர, நகரத்தை நடத்திக் காட்டிய ஒரு பெண் வரிசையில் நின்றிருந்தாள். இலங்கையில் 1994இல் அப்படி ஒரு வரிசையே இல்லை.

உச்சிக்குப் பெண்ணை ஏற்றிவிடுவது ஆண்களின் கட்சிகளுக்கு ஒருபோதும் பெரிய சிரமமாக இருந்ததில்லை. 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய போட்டியிட்டுக் குறைந்த வாக்கில் தோற்றார். அந்தச் சட்டமன்றத்துக்கே முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக வந்தார்; 1927இல் அவையின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டியிட்டவர் வெளியே, நியமிக்கப்பட்டவர் மேடையில். முத்துலட்சுமியின் தகுதியில் எள்ளளவும் குறைவில்லை. தேவதாசி முறை ஒழிய அவர் அந்த மேடையைப் பயன்படுத்திய விதம் காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊர்களின் வாழ்க்கையையே மாற்றியது. நான் சொல்வது கதவைப் பற்றி. அந்தக் கதவு உள்ளேயிருந்து ஆண்கள் திறந்தால் மட்டும் திறந்தது. 1966இலும் அதுதான் நடந்தது. லால் பகதூர் சாஸ்திரி மறைந்ததும் காங்கிரஸ் தலைவர் காமராசரும் அவருடைய சகாக்களும் மொரார்ஜி தேசாயைத் தடுக்க இந்திராவை முன்னிறுத்தினார்கள். நாடாளுமன்றக் கட்சியில் 355க்கு 169 என்று இந்திரா வென்றார். சொன்னபடி கேட்பார் என்று நம்பி அவரைக் கொண்டுவந்தவர்கள் மூன்று ஆண்டில் தங்கள் கணக்கு தப்பியதைக் கண்டார்கள். அவர் பலமுள்ளவர் என்று நினைத்திருந்தால் கொண்டுவந்திருக்கவே மாட்டார்கள்.

இங்கே ஜெயலலிதாவை எடுத்துக்கொண்டு ஒருவர் என்னை மறுக்கலாம், அந்த மறுப்பு வலுவானது. யாருடைய மனைவியாகவும் மகளாகவும் வராமல், கட்சியையும் ஆட்சியையும் பிடித்த பெண் அவர். 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் எம்.ஜி.ஆரின் உடல் பக்கத்தில் இரண்டு நாள் நின்றவரைப் பீரங்கி வண்டியிலிருந்து கீழே தள்ளினார்கள். 1988 ஜனவரி 7 அன்று முதல்வரானது வி. என். ஜானகி, தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வரான அவருடைய ஆட்சி அந்த மாதத்தைத் தாண்டவில்லை. 1989 தேர்தலில் ஒரே கட்சியின் இரண்டு பிரிவுகளை இரண்டு பெண்கள் வழிநடத்தினார்கள்: ஒருவர் தலைவரின் மனைவி, மற்றவர் தலைவரால் 1983இல் கொள்கை பரப்புச் செயலாளராக்கப்பட்டவர். ஜானகி ஆண்டிபட்டியில் தோற்று அரசியலை விட்டே விலகினார். சேவல் சின்னத்தில் 27 இடம் வென்ற ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவரானார், 1991இல் முதல்வரானார். மனைவி என்ற உரிமையை மக்கள் ஏற்கவில்லை, போராட்டத்தை ஏற்றார்கள் என்று இதைப் படிக்கலாம், அந்த வாசிப்பில் உண்மையும் உண்டு. ஆனாலும் முதல் கதவைத் திறந்தது எம்.ஜி.ஆர். என்ற ஒரு மனிதரின் விருப்பமும் திரையில் பெற்ற புகழும்தான். கிளைச் செயலாளராக, வட்டச் செயலாளராக, மாவட்டச் செயலாளராக ஏறி வந்த ஒரு பெண்ணுக்கு 1987இல் அந்தக் கட்சியில் அந்த வாய்ப்பு இருந்திருக்காது. எந்தப் பெரிய கட்சியிலும் இருந்திருக்காது.

இன்னும் முக்கியமானது ஜெயலலிதாவுக்குப் பின்னால் என்ன மிஞ்சியது என்பது. அவர் முதல்வரான 1991 தேர்தலில் 32 பெண்கள் சட்டமன்றத்துக்குள் வந்தார்கள், அதுவே உச்சம். அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் தொட்டில் குழந்தைத் திட்டமும் அந்த ஆட்சியில் வந்தவை. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்ற சட்டம் வந்ததும் அவர் ஆட்சியில்தான். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டுப் பெண் அரசியலின் ஆகப் பெரிய சட்டம். ஆனால் 2016இல் 21 ஆக இருந்த பெண் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை, அவர் இல்லாத 2021இல் 12 ஆகிவிட்டது. ஒரு கை கொடுத்ததை, அந்தக் கை போனதும் யாரும் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கும் இடத்தில் பெண்கள் இருந்திருந்தால் இந்த வீழ்ச்சி வந்திருக்காது. சீட்டு யாருக்கு என்று தலைமைக்குப் பட்டியல் அனுப்புவது மாவட்டச் செயலாளர். இரண்டு பெரிய கட்சிகளிலும் அந்த நாற்காலியில் அமர்ந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவரான கீதா ஜீவனும் தூத்துக்குடியின் முன்னாள் மாவட்டச் செயலாளர் பெரியசாமியின் மகள். ஆண்களில் வாரிசுகள் இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஆணுக்குக் குடும்பம் என்பது பத்து வாசலில் ஒன்று. மாணவர் அணி, தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், ஒப்பந்தத் தொழில், ஊர்ச் செல்வாக்கு என்று மற்ற ஒன்பதும் அவனுக்குத் திறந்திருக்கின்றன. பெண்ணுக்குக் குடும்பமே ஏறக்குறைய ஒரே வாசல்.

காஞ்சிபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் எத்தனை சிவன் கோயில் இருந்தாலும் அவற்றில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது. ஏகாம்பரநாதருக்கும் கைலாசநாதருக்கும் மற்ற எல்லாருக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்தியே அம்மன். பக்தியில் இது பெரிய தத்துவம், அதன் அழகு எனக்குத் தெரியும். அரசியலுக்கு அதே கட்டுமானத்தைக் கொண்டுவரும்போதுதான் கேடு. ஒரு கட்சிக்கு ஒரே அம்மா, அவருக்குக் கீழே பெண்ணுக்குச் சன்னதியே இல்லை. அம்மனை வழிபடும் ஊரில் பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வழிபாடு கருவறையில் உள்ளவளுக்கு. நிர்வாகம் வெளியே நடக்கிறது. அறநிலையத் துறைச் சட்டம் கோயில் அறங்காவலர் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. தேவியை நடுவில் வைத்த ஊர்களிலும் அந்த ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது.

காஞ்சிபுரம் மண்ணே இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல வரலாற்றுப் பதிவேடு. 2005 இடைத்தேர்தலில் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் மைதிலி திருநாவுக்கரசு. உறுப்பினராக இருந்த கணவரின் மறைவால் காலியான இடம் அது. அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் பா.ம.க.வின் கமலாம்பாள் வென்றார். 2014இல் காஞ்சிபுரம் தனித்தொகுதியிலிருந்து மரகதம் குமரவேல் மக்களவைக்குப் போனார். இந்த மண்ணில் பெண்ணுக்கு வாக்கு விழாது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் இன்னும் பழைய சான்று இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே வந்தது ஒரு பெண் வேட்பாளருக்கு வாக்குக் கேட்க. மரகதம் சந்திரசேகர் என்ற அந்தப் பெண்மணி அதே தொகுதியில் 1984இலும் 1989இலும் வென்றவர், 1962இலேயே மக்களவைக்குப் போனவர், மத்திய அரசில் பொறுப்பு வகித்தவர். அன்றைய கொடுமையைப் பற்றி நூல் நூலாக எழுதியாயிற்று. அந்தப் பிரச்சாரம் யாருக்காக நடந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று சொல்ல வராது. நெடுங்காலம் களத்தில் நின்று, தேர்தல் தேர்தலாக வென்ற பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இல்லை. நினைவும் ஒரு படிதான். அடுத்து ஏறுகிறவள் கால் வைக்க அது வேண்டும்.

பெண்கள் அரசியலுக்கு வருவதில்லை, ஆர்வமில்லை என்பது அடிக்கடி கேட்கும் பதில். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் பதில் எப்படிப் பிழையாகிறது என்பது விளங்கும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவர் மட்டும் இருந்தால் வேலை நகராது. வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது, மகளுடையது. தார் சுற்றுவதும், தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பதும் அதே கைகள். சேலை முடிந்து சங்கத்துக்கோ முதலாளியிடமோ போகும்போது கூலி எழுதப்படுவது பெரும்பாலும் ஒரு பெயரில், நெய்தவர் பெயரில். வேலை செய்யாமல் அவள் இருந்ததில்லை, கணக்கில்தான் இல்லை. கட்சிகளும் இப்படித்தான் நெய்யப்படுகின்றன. வேட்பாளர் தெருவுக்குள் வரும்போது ஆரத்தித் தட்டோடு நிற்பவர்கள் பெண்கள். வீடு வீடாகப் போய் வாக்காளர் சீட்டுக் கொடுப்பவர்களில், பொதுக்கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளை நிரப்புபவர்களில், மகளிர் குழுக்களைக் கூட்டி வருபவர்களில் பெண்கள்தான் அதிகம். கரை நாடா அவர்கள் கையில் ஓடுகிறது. கூலி வேறொரு பெயரில் ஏறுகிறது. ஆர்வமில்லை என்று இவர்களைப் பார்த்துச் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு சொல்வது.

அடுத்த மறுப்பு, பெண்ணை நிறுத்தினால் தோற்றுவிடுவோம் என்பது. 2021இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117 பெண்களை நிறுத்தியது, ஒருவரும் வெல்லவில்லை என்று இதற்குச் சான்று காட்டுவார்கள். அந்தக் கட்சியின் 117 ஆண்களிலும் ஒருவர்கூட வெல்லவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால் சான்று தானே விழுந்துவிடும். வெல்லும் கட்சி வெல்லும் தொகுதியில் நிறுத்தினால் பெண் வெல்கிறாள்: 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களில் கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி, சுதா, ராணி ஸ்ரீகுமார் ஆகிய ஐவர் வென்றார்கள். போட்டி சீட்டு வாங்குவதில் இருக்கிறது. வாக்காளர் முன் நிற்பதற்கு முன்பே, ஒரு மாவட்ட அலுவலகத்தின் அறைக்குள் பெண் தோற்றுவிடுகிறாள்.

இனி, உள்ளாட்சியில் பாதி இடம் கொடுத்தும் என்ன ஆயிற்று, கணவன்தானே நடத்துகிறான் என்ற மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வார்டு உறுப்பினரின் பேனரில் அவரைவிடப் பெரிதாகக் கணவரின் படம் இருப்பதையும், அவருடைய எண் என்று கொடுக்கப்பட்ட எண்ணில் கணவர் பேசுவதையும் எந்த ஊரிலும் காணலாம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாட்டையே உலுக்கியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பதவியைச் சட்டம் கொடுத்தது, நாற்காலியை ஊர் கொடுக்கவில்லை. ஆனால் இது ஒதுக்கீட்டின் குற்றமா? கணவன் ஆதிக்கமும் சாதி ஆதிக்கமும் ஒதுக்கீட்டுக்கு முன்பும் இருந்தன. அப்போது அவை பதவியின் பெயரிலேயே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இந்த விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லாத ஆய்வுகள் இருக்கின்றன. ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டூஃப்ளோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்கள் கேட்கும் தேவைகளுக்கு, முதன்மையாகக் குடிநீருக்கு, அதிகப் பணம் போனதைக் காட்டியது. அதே மேற்கு வங்கத்தில் பின்னர் நடந்த ஆய்வுகள், இரண்டு முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் அதன்பின் பெண்கள் அதிகம் போட்டியிட்டு வென்றதையும், அந்த ஊர்ப் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் காணும் கனவும் பிள்ளைகளே காணும் கனவும் ஆண் பிள்ளைகளுக்கானதை நெருங்கியதையும் பதிவு செய்தன. முதல் முறை வெறுப்போடு பார்த்த ஊர் இரண்டாம் முறை பழகிக்கொள்கிறது. பழக்கத்துக்குக் காலம் வேண்டும். ஒதுக்கீடு வாங்கித் தருவது அந்தக் காலத்தைத்தான்.

குடிநீர் என்றதும் லீலாவதியைச் சொல்லாமல் போக முடியாது. 33 விழுக்காடு ஒதுக்கீட்டோடு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல். அதில் மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரத்திலிருந்து வென்றார் மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி. தன் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் 1998இல் மேயரான சரோஜினி யோகேஸ்வரனும் நான்கே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் கணவர் யோகேஸ்வரன் 1989இலேயே கொல்லப்பட்டிருந்தார். பொம்மைகளை யாரும் கொல்வதில்லை. இந்தப் பதவிகளில் உட்கார்ந்த பெண்கள் வெறும் பெயருக்கு என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் ஒருமுறை உச்சரித்துவிட்டுப் பேசட்டும்.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நான்கு நாள் கழித்து, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மகளிர் ஒதுக்கீட்டு மசோதா கொண்டுவரப்பட்டது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்பு. 1996இல் முதன்முதலில் வந்த மசோதா 27 ஆண்டு அலைந்து சட்டமானது, ஆனதும் காத்திருக்க வைக்கப்பட்டது. ஒரே வாரத்தில் நடந்த இந்த இரண்டும் நம் அரசியல் பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதைக் காட்டுகின்றன. பயனாளியாக அவளுக்குக் கொடுப்பதில் தாமதமில்லை, பிரதிநிதியாக அவளை ஏற்பதில்தான் தாமதம். ஆயிரம் ரூபாயைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் தன் பணம் என்பது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயரில்லாமல் உழைத்த பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தொகையை எவ்வளவு, யாருக்கு என்று முடிவு செய்த அமைச்சரவையில் பெண்கள் இரண்டே பேர் என்பதைத்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மசோதா 27 ஆண்டு அலைந்ததற்கு ஆணாதிக்கம் மட்டும் காரணமல்ல. இந்த ஒதுக்கீட்டில் பிற்பட்ட சமூகப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லாவிட்டால் படித்த, வசதியான, மேல்சாதிப் பெண்களே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள் என்ற எதிர்ப்பு அதில் உண்டு. இதை நான் சாக்கு என்று ஒதுக்கமாட்டேன். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு ஒதுக்கவும் முடியாது. 1925 நவம்பரில் திரு. வி. க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு நடந்தது இதே ஊரில். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டுப் பெரியார் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்படாமல் போக, அவர் வெளியேறினார். முதலில் சுயராஜ்யம், பிறகு பங்கு என்று அன்று சொன்னார்கள். அடுத்த மாதமே கான்பூர் காங்கிரஸில் சரோஜினி நாயுடு தலைவராக அமர்ந்தார். எட்டு ஆண்டுக்கு முன் அடையாறு அன்னி பெசன்ட் அமர்ந்த நாற்காலி அது. உச்சியில் பெண்ணை வைக்கத் தயாராக இருந்த கட்சி, கீழே பங்கு கேட்டவரை ஏற்கத் தயாராக இல்லை. இன்று அந்தக் காஞ்சி வாதத்தைப் பெண்ணுக்கும் சேர்த்தே பேச வேண்டும். உள்ஒதுக்கீடு கேட்பது நியாயம், அதைக் காட்டித் தள்ளிப்போடுவது அநியாயம். உள்ளாட்சியில் பட்டியலினப் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால்தான் 2022இல் சென்னைக்குப் பிரியா மேயரானார். சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எழுத முடியாத சூத்திரமல்ல.

என் வாதத்துக்கு எதிரான கடைசிக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வருகிறது. படிக்கட்டே போதும் என்றால் அங்கே ஏன் இன்னும் பெண் அதிபராகவில்லை? கமலா ஹாரிஸ் ஏறாத படியில்லை. சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர், கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர், செனட் உறுப்பினர், துணை அதிபர். எல்லாம் தேர்தலில் நின்று பெற்றவை. 2016இல் ஹிலாரி கிளிண்டன் எதிராளியைவிட 28 லட்சத்துக்கும் அதிக வாக்குகள் பெற்றும், மாநிலவாரி வாக்காளர் குழு என்ற முறையால் தோற்றார். கறுப்பினப் பெண்ணான ஷெர்லி சிஸோம் 1972இலேயே கட்சி வேட்பாளராக முயன்று பார்த்தார். அதிபர் முறையில் ஒரே ஆள் நாடு முழுவதையும் தன் உடலாலும் குரலாலும் சந்திக்க வேண்டும். படைத் தலைமை என்ற சொல்லுக்கு மக்கள் மனத்தில் ஆண் முகம் இருக்கிறது. பிரதமர் முறையில் கட்சி உள்ளறையில் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால்தான் உலகில் பெண்கள் அதிபராவதைவிடப் பிரதமராவது எளிதாக இருந்திருக்கிறது. அமெரிக்காவின் குறை உண்மையான குறை. ஆனால் ஹாரிஸ் தோற்ற மறுநாளும் அந்த ஆளுநர்களும் மாநில உறுப்பினர்களும் தங்கள் இருக்கையில் இருந்தார்கள். ஒருத்தி விழுந்ததால் வரிசை கலையவில்லை. இங்கே ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5க்குப் பிறகு வரிசை என்று ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

நம் நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தியவர் சென்னையில் வளர்ந்த கேப்டன் லட்சுமி சேகல். ராமேஸ்வரத்து ஆணும் சென்னைப் பெண்ணும் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, லட்சுமிக்கு 1,07,366. தோல்வி முன்பே தெரிந்தது, அதனால் பெண் என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. ஆனால் அவர் தகுதி எங்கிருந்து வந்தது? 1943இல் சிங்கப்பூரில் ராணி ஜான்சி படையைத் திரட்டியபோது அவரோடு அணிவகுத்தவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அந்தப் படையில் அடுத்த நிலைத் தளபதியாக இருந்த ஜானகி என்பவர் பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். பயிற்சியும் பொறுப்பும் வரிசையில் நிற்கும் இடமும் கொடுத்தால், தோட்டத் தொழிலாளிப் பெண் துப்பாக்கி பிடிக்கிறாள், அணியை நடத்துகிறாள்.

மூன்றில் ஒரு பங்கு நடைமுறைக்கு வரும் நாளில், இன்றைய 234 இடங்களை வைத்துக் கணக்கிட்டாலே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 78 பெண்கள் தேவைப்படுவார்கள். கட்சிகள் அப்போது எங்கே தேடப்போகின்றன என்பதுதான் இனி உள்ள கேள்வி. மறைந்த உறுப்பினர்களின் மனைவியரும் அமைச்சர்களின் மகள்களும் கையருகே இருப்பார்கள். காஞ்சிபுரம் மாநகராட்சியின் 51 வார்டுகளில் பாதியில், ஊராட்சிகளில், நகராட்சிகளில், சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வரிக் கணக்கும் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான பெண்களும் இருப்பார்கள். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11இல் பெண்கள் மேயரானார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயர், மாவட்டச் செயலாளர் தலைமைக்கு அனுப்பும் பட்டியலில் ஏறும் என்பதை அந்தப் பட்டியல் வரும்போது எண்ணிப் பார்க்கலாம்.